கதவுக்கு இருபது அடி

அமீனா அந்தக் கதவை நோக்கிக் காலை பத்தரை மணிக்கு நடக்கத் தொடங்கினார். மாலை ஐந்தரைக்கு அருங்காட்சியகம் மூடும் மணி அடித்தபோது கதவுக்கு இன்னும் இருபது அடி மிச்சமிருந்தது. நடுவில் ஒருமுறை முற்றத்துக்குப் போய்க் கையோடு கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், இரண்டுமுறை டீ குடித்தார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நடந்தார். இடது செருப்பின் குதிகால் தேய்ந்து போயிற்று. கூடத்தின் மொத்த நீளமே நாற்பது அடிதான். மறுநாள் காவலாளி அம்மா அளவு நாடா வைத்து அளந்து பார்த்து, கூடம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று மேலிடத்தில் சொன்னார். ஆகவே நடந்தவர்மேல்தான் தவறு என்று முடிவாயிற்று. அமீனாவுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. முப்பத்தோரு வருட வேலையில் எந்தத் தவறும் கடைசியில் நடந்தவன் தலையில்தான் வந்து விடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அமீனா என்பது அவருடைய உத்தியோகம். நீதிமன்றம் எழுதியதை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. சம்மன் கொடுப்பார், வாரண்டு கொண்டுபோவார், தீர்ப்பில் யாருக்கு எது என்று சொல்லியிருக்கிறதோ அதை அங்கிருந்து எடுத்து இங்கே ஒப்படைப்பார். அவரைப் பார்த்ததும் மனிதர்கள் பின்பக்கமாக ஓடுவார்கள், கட்டிலுக்கடியில் ஒளிவார்கள், ஊரில் இல்லை என்று தாங்களே வந்து சொல்வார்கள். ஆள் அகப்படவில்லை என்றால் நோட்டீசை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்பது சட்டம். ஒட்டுவதற்கு முன் மூன்றுமுறை கதவைத் தட்டி, ஆளைக் கூப்பிட்டு, சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்தான். மற்ற அமீனாக்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தபடியே “தட்டினேன், ஆள் இல்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் தட்டாமல் தட்டினேன் என்று ஒருநாளும் எழுதியதில்லை. இடிந்து பாழாய்க் கிடந்த வீட்டின் முன்னால்கூட நின்று மூன்றுமுறை தட்டியிருக்கிறார். அது நேர்மை என்று அவர் நினைக்கவில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முழங்கால் இரண்டும் இப்போதே ஓய்வு பெற்றுவிட்டன. வீட்டில் மனைவி மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்காவது கிளம்பினால், அவள் ஜன்னல்களைச் சாத்தி, அடுப்பைத் தொட்டுப் பார்த்து, பூட்டை நாலுதரம் இழுத்துப் பார்த்து வருவதற்குள் இவருக்குப் பொறுமை போய்விடும். முன்னால் நடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டு, அவள் வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இனி கதவைப் பற்றி. ஏழடி உயரம், ஒற்றைக் கதவு, நிலையும் வாசற்படியும் சேர்ந்தது. கருத்த மரத்தில் நாற்பத்தொரு பறவைகள் செதுக்கியிருந்தன. அதில் ஒரு பறவைக்குக் கால் இல்லை. தச்சனுக்கு என்ன அவசரமோ. கதவு இந்த நாட்டினுடையது அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நாட்டின் அரசு, தன் அருங்காட்சியகத்திலிருந்து நாலு வருட இரவலாக இங்கே அனுப்பியிருந்தது. அந்த நாட்டின் பட்டியலில் அதன் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. பட்டியல் எண் ஏறுவதற்கு முன்பு அது ஒரு வீட்டு வாசலில் இருந்தது. அந்த வீட்டில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஏழு வயதுப் பெண் ஒருத்தி. ஆட்சி மாறிய வருடம் சிலர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு தூறல் நாளில் தாயும் மகளும் வாசலில் இறங்கி நின்றார்கள். அப்பா பின்பக்கத்தைப் பூட்ட மறந்துவிட்டார். “நீங்க முன்னாடி போங்க, நான் பூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லி, முன்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவர்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். அங்கே ஒரு லாரி வந்தது, நிற்கக் கூடாது என்றது, ஏற்றிக்கொண்டது. அன்று மத்தியானமே அரசாங்க ஆட்கள் வந்து, அழகான கதவு என்று நிலையோடு பெயர்த்து எடுத்துப் போனார்கள். வீட்டை இடித்தார்கள். உள்ளே யாராவது இருந்தார்களா என்று பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுபத்தொரு வயது. இந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார், ஆகவே எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரம்மா. அவருடைய தாய் இந்த ஊரில் வாடகைக்கு இருந்த நாற்பது வருடமும் வாசற்கதவைப் பூட்டவே இல்லை. இரண்டுமுறை திருடன் வந்து பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போனான். அக்கம்பக்கத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள். பூட்டிவிட்டால் அவர் வந்து என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே அந்தத் தாய் ஒருநாள் இறந்தும் போனார். கண்ணாடிக்காரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, வீட்டில் ஓர் ஆள் இன்னும் வர வேண்டியிருக்கிறது, வரட்டும் என்று சொல்லிச் சொல்லியே வயதைக் கடத்திவிட்டார். ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த கண்காட்சி விளம்பரத்தில்தான் அவர் அந்தக் காலில்லாத பறவையைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே இரண்டு நிறுத்தம் ஓடினார். மறுநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கதவருகே நின்றார். தொடாதீர்கள் என்று காவலாளி அம்மா சொன்னார். என் வீட்டுக் கதவு என்று இவர் சொன்னார். எல்லோருமே ஏதாவது சொல்வார்கள் என்று காவலாளி அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வழக்கு மூன்று வருடம் எட்டு மாதம் நடந்தது. அந்த நாடு பெரிய வக்கீல்களை வைத்தது. ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்றார்கள் முதலில். இரவல் ஒப்பந்தத்தில் அந்த நாடே விசாரணைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்ததை யாரோ ஒரு பாவப்பட்ட வக்கீல் கண்டுபிடித்துக் காட்ட, விசாரணை நடந்தது. கண்ணாடிக்காரம்மா காலில்லாத பறவை எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னார். கதவின் உள்பக்கத்தில், தன் உயரத்தை அப்பா வருடா வருடம் கோடு போட்டு வைத்த ஆறு கோடுகளைச் சொன்னார். கழற்றிப் பார்த்தார்கள், இருந்தன. கதவு இந்த அம்மாளுடையதே என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார். அடுத்த பத்தியிலேயே, ஆனால் எடுக்க முடியாது என்றும் எழுதினார். விசாரணைக்குச் சம்மதித்தது வேறு, பொருளை எடுக்கச் சம்மதிப்பது வேறு. ஓர் அரசின் பண்பாட்டுச் சொத்து, விற்பனைக்கு என்று வைக்கப்படாதவரை, அதை வேறொரு நாட்டின் நீதிமன்றம் பறிமுதல் செய்யவோ, முடக்கி வைக்கவோ, கைப்பற்றவோ முடியாது. அதற்கு விலக்குரிமை உண்டு, உலகமே ஒப்புக்கொண்ட சட்டம். அரைக்கிணறு தாண்டின கதையாகப் போயிற்று. அதுவரை கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரம்மா, வழக்கில் ஜெயித்த மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, இருபது அடிக்கு மேல் கிட்டே போக அவரால் முடியவில்லை. நடந்தார், நடந்தார், இருபது அடி குறையவே இல்லை. கடைசியில் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதன் பின்னாலேயே வாரண்டும் வந்தாக வேண்டும் என்பது அலுவலக வழக்கம். நிறைவேற்ற முடியாத தீர்ப்பானாலும், முடியவில்லை என்று அமீனா போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் கோப்பை மூட முடியும். நீதிபதி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் களைத்த மனிதர்தான். மேஜையில் கட்டுக்கட்டாகக் கோப்புகளுக்கு நடுவே மாத்திரைக் குப்பி இருந்தது. “ஒரு நடை போயிட்டு வாங்க. முடியலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. எனக்கு ஃபைல மூடணும்” என்றார். அமீனா கடனே என்று போனார். அதுதான் முதலில் சொன்ன நடை. திரும்பி வந்து வாரண்டின் பின்பக்கத்தில், “நிறைவேற்றவில்லை. காரணம்: தூரம்” என்று எழுதினார். தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, காரணம் தெளிவாக இல்லை, மறுபடி முயற்சி செய்யவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். அருங்காட்சியகம் நீதிமன்றத்திலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம் என்பது அவர் கட்சி.

அதற்குப் பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை அமீனா கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். வேறு வழிகளையும் பார்த்தார். தச்சர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அவர்களும் வேர்த்து வடிய நடந்துவிட்டு, கூலி வேலைக்கு இது ஒத்துவராது என்று போய்விட்டார்கள். கயிறு வீசிப் பார்த்தார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. வாரண்டைக் காவலாளி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனால் தடையில்லாமல் கதவு வரை போக முடிந்தது. ஆனால் இதை எப்படிப் பெயர்ப்பது என்று மனதில் ஒரு நினைப்பு ஓடிய மாத்திரத்தில் மறுபடி இருபது அடி தள்ளி நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடிப்போய்க் கதவின் முன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. கதவில் தூசி படியவில்லை. ஈ உட்காரவில்லை. காலமும் ஓர் அமீனாதான், முடியையும் பல்லையும் ஒவ்வொன்றாக ஜப்தி செய்துகொண்டு போகிறவன். அவனாலும் கதவைத் தொட முடியவில்லை போலிருக்கிறது, மரம் அன்று எண்ணெய் பூசியது மாதிரி இருந்தது. இந்தச் செய்தி பரவியதும், விவாகரத்து நோட்டீசுக்குத் தப்பி ஓடுகிற கணவர்கள் சிலர் வந்து கதவருகில் நிற்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வந்த அமீனாக்கள் தடையில்லாமல் கிட்டே போய்க் கையில் திணித்துவிட்டு வந்தார்கள். விலக்குரிமை அரசாங்கச் சொத்துக்குத்தான், அவர்களுக்கு இல்லை என்று அன்று எல்லோருக்கும் தெளிவாயிற்று.

செவ்வாய்க்கிழமைகளில் நடந்து முடித்த பிறகு அமீனா பெஞ்சில் கண்ணாடிக்காரம்மாவின் பக்கத்தில் உட்காருவார். இருவரும் கதவைப் பார்ப்பார்கள். கண் பரிசோதிக்கிற பலகையை இருபது அடி தூரத்தில்தான் மாட்டுவார்கள், தெரியுமா என்று கண்ணாடிக்காரம்மா ஒருநாள் கேட்டார். ஐம்பது வருடமாக இந்தத் தூரத்தில்தான் மனிதர்களை உட்கார வைத்து, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்.

“இப்ப என்னைக் கொண்டாந்து உக்கார வச்சிட்டாங்க தம்பி. நல்லாத்தான் தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய?”

“கதவு கெடச்சா என்னம்மா செய்வீங்க? மாட்டுறதுக்கு அந்த வீடும் இல்லையே.”

“மாட்ட வேணாம். பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். அவரு உள்ள போனவரு. வெளிய வரணும்னா இது வழியாத்தானே வரணும்.”

இப்படிப்பட்ட பேச்சை அமீனா நிறையக் கேட்டிருக்கிறார். வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மூலையைக் காட்டி இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் அவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எவ்வளவோ பேரிடமிருந்து எவ்வளவோ பொருளைப் பிடுங்கி யார் யாருக்கோ கொடுத்திருக்கிறோம், கொடுக்க வேண்டிய ஒருத்திக்குக் கொடுக்க முடியவில்லையே என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவருடைய கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். அது கண்ணாடிக்காரம்மா புதிதாகச் செய்து கொடுத்தது. பழைய கண்ணாடியில் ஒன்பது வருடமாகத் தவறான பவரோடு சம்மன் படித்துக்கொண்டிருந்தாராம்.

இரவல் முடிய ஒரு வாரம் இருந்தபோது நீதிபதி கைவிரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கதவு பெட்டியில் ஏறி ஊர் திரும்புகிறது. அதற்குமேல் அது இந்த நீதிமன்றத்தின் எல்லையிலேயே இல்லை. கோப்பை மூடப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று எதிர்த்தரப்புக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதும். எதிர்த்தரப்பு ஒரு நாடு. தூதரகத்தில் நோட்டீசை வாங்கமாட்டோம் என்றார்கள். முறைப்படி அமைச்சகம் வழியாக வந்தால் ஒரு வருடத்தில் பார்க்கலாம் என்றார்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டலாமே என்று நீதிபதி அலுப்போடு சொல்ல, தலைமை எழுத்தர் நோட்டீசைத் தயார் செய்தார். கணினியில் முகவரிக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஒரு நாட்டுக்கு வீட்டு எண் ஏது? எழுத்தர் கோப்பைப் புரட்டினார். மொத்தக் கோப்பிலும் ஒரே ஒரு முகவரிதான் இருந்தது: கண்ணாடிக்காரம்மாவின் இடிக்கப்பட்ட வீட்டின் முகவரி. மணி நாலே முக்கால். அதையே அடித்து, “மேற்படி வீட்டின் வெளிக்கதவில் ஒட்டவும்” என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார். மறுநாள் அமீனா அதை இரண்டுமுறை படித்தார். வீடு வேறு நாட்டில் இருந்தது, இப்போது இல்லவும் இல்லை. ஆனால் அதன் வெளிக்கதவு மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் இருந்தது. வேறொருவராக இருந்தால் முகவரி தவறு என்று திருப்பி அனுப்பியிருப்பார். இவருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அலுப்பாக இருந்தது. பசை டப்பாவையும் தூரிகையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடிக்காரம்மா பெஞ்சில் இருந்தார். கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க வருவதென்று வந்திருந்தார். அமீனா தலையசைத்துவிட்டு நடந்தார். அன்று அவர் பையில் வாரண்டு இல்லை, எதையும் எடுத்துப்போகிற எண்ணமும் இல்லை. ஒரு காகிதத்தைக் கொடுக்கப் போகிற ஆள், அவ்வளவுதான். இருபது அடி நீளாமல் இருபது அடியாகவே இருந்தது. எட்டு எட்டில் கதவு வந்துவிட்டது. அவர் பசை டப்பாவைக் கீழே வைத்தார். காவலாளி அம்மா, ஒட்டுவதற்கு அனுமதி வேண்டுமே என்று எழுந்து வருவதற்குள், அமீனாவின் கை முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் மேலே போய் மூன்றுமுறை தட்டிவிட்டது. கண்ணாடிக்காரம்மா தீர்ப்புக்கு முன்பு எத்தனையோ நாள் அந்தக் கதவின் முன் நின்றவர், ஒருநாளும் தட்டியதில்லை. தன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

“வீட்ல யாரு?” என்று அமீனா வழக்கமான குரலில் கேட்டார்.

“இருங்க, பூட்டிட்டு வர்றேன்” என்று உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் சொன்னது.

அது அந்த நாட்டு மொழியில்தான் சொன்னது. ஆனால் பூட்டப் போகிறவர் சொல்வது எந்த மொழியிலும் ஒன்றுதான் என்பதால் அமீனாவுக்கும் காவலாளி அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்த இரண்டு கட்டைகளும் வெள்ளைச் சுவரும்தான் இருந்தன. காவலாளி அம்மா ஒருதரம் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கதவு உள்பக்கமாகத் திறந்தது. நீளமான ஒரு நடை, சுவரில் ஈரக்குடை, அந்தக் கோடியில் சாத்திய பின்கதவு, அதற்கு மேலிருந்த சிறு ஜன்னலில் தூறல். வாசற்படியில் முப்பத்துநாலு வயது இருக்கும் ஒருவர், கையில் சாவிக்கொத்தோடு, மேல்சட்டையின் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அமீனா ஒரு கணம் திகைத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் கை திகைக்கவில்லை. வீட்டில் வயதுவந்த ஆண் இருந்தால் ஒட்டக் கூடாது, நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நோட்டீசையும் பேனாவையும் நீட்டினார். வாசற்படியில் நின்றவர் அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

“என் வீட்டுக்காரியும் பொண்ணும் முன்னாடி போயிருக்காங்க. நான் போகணும்” என்று அவர் சொல்லிவிட்டு வெளியே கால் வைத்தார். கால் வாசற்படியிலேயே விழுந்தது. இன்னொரு காலை வைத்தார், அதுவும் அங்கேயே. ஐந்தாறு எட்டு வைத்த பிறகும் அவர் வாசற்படியில்தான் நின்றார். கதவும் நிலையும் வாசற்படியும் அதில் அடங்கிய யாவும் அந்த அரசின் சொத்து, எந்த விதத்திலும் அகற்றப்படக் கூடாது என்று பட்டியலில் எழுதியிருந்தது அமீனாவுக்கு நினைவு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். இருபது அடிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரம்மா எழுந்து நடந்துகொண்டிருந்தார். எழுபத்தொரு வயதில் மூச்சு இரைக்க இரைக்க, கையை நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நீங்க நடந்தா முடியாது! உங்ககிட்ட தீர்ப்பு இருக்கு!” என்று அமீனா கத்தினார். முப்பத்தோரு வருடத்தில் அவர் கத்தியது அதுதான் முதல்முறை.

கண்ணாடிக்காரம்மா நின்றார். கைப்பையைத் திறந்தார். தீர்ப்பின் நகலை அவர் மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு எங்கும் போவார். அதை எடுத்துப் பிரித்தார். மூன்று வருடம் எட்டு மாதம்; பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியது; ஆறு கோடுகள்; கதவு இந்த அம்மாளுடையதே என்ற அந்த ஒரு வரி. அதைக் கடைசியாக ஒருதரம் படித்தார். பெஞ்சின்மேல் வைத்து, பின்பக்கத்தில், “எனக்குக் கதவு வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அமீனா ஓடிவந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய முழங்கால்கள் ஓடின என்பதைக் காவலாளி அம்மா பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடிக்காரம்மா நடந்தார். ஒன்பது எட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசற்படியில் நின்றவர் அவரைப் பார்த்து மரியாதையாகச் சற்று ஒதுங்கினார். யாரோ வயதான அம்மாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“அம்மா, தெருமுனைலேர்ந்து வர்றீங்களா? பச்சை கவுன் போட்ட ஒரு பொண்ணப் பாத்தீங்களா? அம்மாகூடப் போறா. செருப்ப எடது வலது மாத்திப் போட்டிருப்பா. சொன்னாக் கேக்க மாட்டா.”

கண்ணாடிக்காரம்மா குனிந்து தன் செருப்பை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“பாத்தேங்க. பத்திரமாப் போய்ச் சேந்துட்டா. செருப்பையும் சரியாப் போட்டுக்கிட்டா.”

“அவங்க அம்மா?”

“அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க. உங்களுக்காகக் கதவைப் பூட்டாமலே வச்சிருந்தாங்க.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அறுபத்துநாலு வருடம் பிடித்துவைத்திருந்த மூச்சு. கூடத்தின் திரைச்சீலைகள் அசைந்தன. இனி அவசரம் இல்லை என்பதுபோலச் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டார். மழையில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள் என்றார். கூடத்தில் மழை இல்லை, இருந்தாலும் கண்ணாடிக்காரம்மாவின் தோள் நனைந்திருந்தது. அவர் காலை எடுத்து வைத்தபோது வாசற்படி தடுக்கியது. சிறுவயதிலும் அந்தப் படி அவரைத் தடுக்கிவிடுமாம். உள்ளே நின்றவர் சட்டென்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து வா, பாப்பா” என்றார்.

பிடித்த கையை அவர் விடவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

அமீனா பசை டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நோட்டீசின் பின்பக்கத்தில், “மூன்றுமுறை தட்டினேன். ஆள் இருந்தார். நேரில் சேர்ப்பிக்கப்பட்டது. மனுதாரர் வழக்கை வாபஸ் பெற்றார்” என்று எழுதிக் கொடுத்தார். தலைமை எழுத்தர் இந்தமுறை காரணம் எதுவும் கேட்கவில்லை. நீதிபதி கோப்பை மூடினார், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்து கதவைச் சரிபார்த்தார்கள். எடை, வந்தபோது இருந்த அதே எடை. “கதவு ஒன்று, நிலையும் வாசற்படியும் உட்பட. உள்ளே பேச்சுச் சத்தம். பழுது எதுவும் இல்லை” என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். பெட்டியில் வைத்து ஆணி அடிக்கும்போது மட்டும், உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று, மெதுவாக அடிக்கச் சொன்னார்கள்.

கடைக் கூட்டாளி சில மாதம் கழித்து கண்ணாடிக்காரம்மாவைப் பற்றி விசாரித்து அந்த நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் ஒழுங்காக வந்தது. எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழும் அதில் அடங்கிய யாவும் அரசின் பண்பாட்டுச் சொத்து என்றும், அவற்றை எவரும், எக்காரணத்தாலும், எக்காலத்திலும் கைப்பற்றவோ பிரிக்கவோ இயலாது என்றும் அதில் இருந்தது. கூட்டாளிக்கு அது பிடிபடவில்லை, அமீனாவிடம் கொண்டுவந்து காட்டினார். அமீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுமுறை படித்தார். அந்தச் சட்டத்தை அவர் நாலு மாதம் வாயாரத் திட்டியிருக்கிறார். இப்போது படிக்கும்போது, அதில் மாற்ற வேண்டியது ஒரு சொல்கூட இல்லை என்று பட்டது. நல்லபடியாக இருக்கிறார்கள் என்று கூட்டாளியிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே கிளம்பினார்கள். அமீனா வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். மனைவி உள்ளேயிருந்து, “நீங்க முன்னாடி போங்க, நான் பூட்டிட்டு வர்றேன்” என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவள் ஜன்னல்களைச் சாத்தும்வரை கூடவே நடந்தார், பின்கதவுத் தாழ்ப்பாளைத் தானே போட்டார், அவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்த பிறகு தானும் ஒருதரம் தொட்டுப் பார்த்தார். என்ன ஆயிற்று இந்த மனுஷனுக்கு என்று அவள் ஒருமாதிரியாகப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து வெளியே வந்து பூட்டினார்கள். அதற்குள் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.